மார்டெல் வீட்டுச் சுழல்தலை

ஆர்லிஸுக்குப் பொறாமை கூடவே பிறந்தது என்று அவளுடைய தங்கைகள் சொல்வார்கள். ஆர்லிஸ் அதை ஒத்துக்கொண்டதில்லை. தன்னுடையது எது, அடுத்தவளுடையது எது என்று தனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான் என்பாள்.

அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் வடக்கு ஓரத்தில், கெல்மர் என்ற சிற்றூருக்கு வெளியே கோதுமை விதைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் ஊர் டெலிபோன் ஆபீஸில் வேலைக்குப் போனாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் கம்பியைச் செருகிச் செருகி, யார் யாரிடம் பேச வேண்டுமோ சேர்த்துவைப்பாள். பெயர் சரியாகத் தெரியாதவனையும், ஊர் மாறிப் போனவனையும் தேடிப் பிடித்துக் கொடுப்பதில் அவளுக்கு இணை கிடையாது. பதினோரு வருஷம் கழித்து அவரவரே எண்ணைச் சுழற்றிப் பேசும் போன் வந்தது. பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனார்கள். அடுத்த வருஷம் ஆர்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்தாள். அன்று முதல் இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு அவள் கையால்தான்.

புருஷன் வெர்லின், டிராக்டர் கடையில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டான். கொரியாவில் பட்டாளத்தில் இருந்தபோது மாதம் ஒரு கடிதம் போட்டான். ஒவ்வொன்றிலும் நாலு வரி, அதில் இரண்டு வரி மழையைப் பற்றி. ஆர்லிஸ் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள். இரண்டு பெண்களைப் பெற்று, கட்டிக் கொடுத்து, முப்பத்தாறு வருஷம் சண்டை சச்சரவு இல்லாமல் ஓடியது. வெர்லின் பேசுகிறவன் இல்லை என்று ஆர்லிஸ் தன் மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அது பொய் என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

எண்பத்தாறாம் வருஷத்துத் தொடக்கம் அது. வெர்லின் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். அவனோடு இலையுதிர் காலம்தோறும் மான் வேட்டைக்குப் போகும் ஹார்லன் அதற்கு மூன்று மாதம் முன்பு இறந்துபோயிருந்தான். ஹார்லனின் மனைவி மார்டெல், ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் வெர்லினிடம் ஒரு விஷயம் சொன்னாள். நிலவறையில் ஹார்லனின் தோட்டா பிரஸ் இருக்கிறது, மகன் அதை நகர்த்தும்போது கீழே போட்டுவிட்டான், மேலே இருக்கும் வட்டம் விரிசல் விட்டுவிட்டது, அதை என்ன செய்வது என்று கேட்டாள். பக்கத்திலேயே கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டு ஆர்லிஸ் நின்றிருந்தாள். என்ன செய்வது என்றுதான் மார்டெல் கேட்டாள். சரி செய்து கொடு என்று வெர்லினின் காதில் விழுந்தது.

அந்த ஊரில் வேட்டைக்குப் போகிறவர்கள் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, மறுபடி மருந்து அடைத்து, குண்டு செருகி, நெம்புகோலை இழுத்து அழுத்தித் தாங்களே செய்துகொள்வார்கள். ஹார்லனிடம் இருந்த பிரஸ் மிகவும் பழையது. அதன் தலையில் ஆறு ஓட்டை போட்ட இரும்பு வட்டு ஒன்று சுழலும். ஓட்டைக்கு ஒரு வேலை. சுழல்தலை என்பது அதுதான். அந்த பிரஸைச் செய்த பட்டறை எப்போதோ மூடிப்போனது. ஓட்டைகளுக்குள் வெட்டியிருந்த திருகு மரையோ இப்போதைய எந்தக் கருவிக்கும் பொருந்தாது. வெர்லின் கடைசல் பட்டறையில் ஒன்று செய்து பார்த்தான். மயிரிழை கோணல், குண்டு சாய்ந்து இறங்கியது. அசல்தான் வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

சனி ஞாயிறுகளில் துப்பாக்கிச் சந்தை எங்கே நடந்தாலும் அங்கே போனான். மேஜை மேஜையாகக் குனிந்து பார்த்தான். சுடுகிறவர்கள் படிக்கும் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தான். ஐடஹோவில் பழைய உதிரிச் சாமான் வைத்திருக்கும் தர்லோ என்பவனுக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினான். ஆர்லிஸ் தோள்வழியாக எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம். முழுக்க இரும்பைப் பற்றி. மழையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

வியாழக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு மார்டெல் வீட்டுக்குப் போய், அந்த வாரம் எங்கெங்கே தேடினான், எங்கே கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். சொல்வதற்குப் போகிறவன் எதற்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டும்? அந்த இஸ்திரியும் ஆர்லிஸ் போட்டது. இன்னொன்றும் அவளை அரித்தது. நாற்பத்தொன்பதாம் வருஷம் அறுவடை நடனத்துக்கு வெர்லின் மார்டெலைத்தான் கூட்டிக்கொண்டு போனான். ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்கு முன்பு அவனே சிரித்துக்கொண்டு சொன்ன விஷயம். அவன் மறந்துவிட்டான். ஆர்லிஸ் மறக்கவில்லை.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, இருபத்தேழு வருஷம் சமைத்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் ஆர்லிஸுக்குப் பெயர் பொறித்த தட்டு ஒன்று கொடுப்பதாக இருந்தது. அதே சனிக்கிழமை பக்கத்து மாநிலமான மாண்டானாவில் பில்லிங்ஸ் துப்பாக்கிச் சந்தை.

“அந்தத் தட்டு எங்கயும் ஓடிப்போயிடாது ஆர்லிஸ்,” என்றான் வெர்லின். “பில்லிங்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவைதான்.”

அவள் தங்கையோடு போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள். தலைமையாசிரியர் நல்ல வார்த்தையாக நாலு சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் சிரித்தாள். திங்கட்கிழமை தங்கை போன் செய்து, ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு வெர்லினின் பிக்கப் வண்டியை மார்டெல் வீட்டு வாசலில் பார்த்ததாகச் சொன்னாள். வெர்லின் வீடு வந்து சேர்ந்தது ஆறு மணிக்கு. பில்லிங்ஸிலிருந்து நேராக வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் வழியில் எங்கும் இறங்கினேன் என்றும் சொல்லவில்லை. எங்கே இறங்கினாய் என்று ஆர்லிஸும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு முடிவு செய்தாள். இந்த எழவெடுத்த இரும்பைத் தானே கண்டுபிடித்து மார்டெல் கையில் கொடுத்துவிட வேண்டும். இரும்பு கிடைத்துவிட்டால் வியாழக்கிழமைக்கு என்ன வேலை?

சந்தைக்குப் போவதில் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சந்தைக்கு வருகிறவை விற்க நினைப்பவர்களின் சாமான். விற்கவும் தெரியாமல், எறியவும் மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் யார்? மார்டெல் மாதிரியானவர்கள். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. வெர்லின் வெளியே போனதும் நூலகத்துக்குப் போய், சுற்றுவட்டாரத்து மாநிலப் பத்திரிகைகளில் மரண அறிவிப்புகளைப் படித்தாள். துப்பாக்கி சுடும் சங்கத்தில் இருந்தார், வேட்டைப் பிரியர் என்று எழுதியிருந்தால் மனைவியின் பெயரைக் குறித்துக்கொள்வாள். பிறகு போனை எடுப்பாள். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பலகையோடு போய்விட்டது என்று நினைத்திருந்த அந்தக் குரல், எங்கேயும் போகாமல் தொண்டையிலேயே இருந்தது.

மன்னிக்கணும், தெற்கு டகோட்டாவிலிருந்து பேசுகிறேன், உங்கள் வீட்டுக்காரர் தோட்டா செய்வாரா என்று ஆரம்பிப்பாள். யாரும் வெடுக்கென்று போனை வைக்கவில்லை. செத்தவனைப் பற்றி ஒரு மனுஷி விசாரிப்பதே பல பேருக்கு ஆறுதலாக இருந்தது. ஒருத்தி எல்லாவற்றையும் மருமகன் தூக்கிக்கொண்டு போனான் என்று அழுதாள். இன்னொருத்தி அது வால்நட் உடைக்கும் கருவி என்று சாதித்தாள், தான் அதில் உடைத்தும் வந்தாள். புருஷன் தினமும் சாப்பிட்டதும் கீழே இறங்கிப் போனால் படுக்கத்தான் மேலே வருவான் என்று நாலைந்து பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். இவர்களுடைய புருஷன்கள் சொந்த நிலவறைக்காவது போனார்கள் என்று ஆர்லிஸ் நினைத்துக்கொள்வாள்.

கேட்டுக் கேட்டு அவளுக்கே விஷயம் பிடிபட்டது. பழைய மரை எது, புதிய மரை எது, விளிம்பில் ஆறு வெட்டு இருந்தால் எந்தப் பட்டறைச் சரக்கு, அடியில் எந்த எழுத்து வார்த்திருக்கும் என்பதெல்லாம் ஜூலைக்குள் வெர்லினைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் வெர்லின் ஏதாவது தப்பாகச் சொல்வான். அவள் உருளைக்கிழங்கை அவன் பக்கம் நகர்த்துவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

நாற்பத்தோராவது போன் வயோமிங்கில் ஆட்டுப் பண்ணை வைத்திருந்த ரோவீனா என்ற விதவைக்கு. பிரஸை அவள் புருஷனே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டானாம்.

“ஆனா நீங்க சொல்ற வட்டு இங்கதான் இருக்கு,” என்றாள் ரோவீனா. “பட்டிக் கதவு தானா மூடிக்கணும்னு சங்கிலியில கோத்துத் தொங்கவிட்டிருக்காரு.”

“எத்தனை ஓட்டைன்னு எண்ணிப் பாக்க முடியுமா?”

ரோவீனா போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். வெகுநேரம் காற்றும், ஆடுகள் கத்துவதும் மட்டும் கேட்டது. திரும்பி வந்து ஆறு என்றாள்.

ஆர்லிஸ் வெர்லினிடம் ராப்பிட் சிட்டியில் இருக்கும் கடைசித் தங்கையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். முப்பத்தாறு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய் என்று அவளே பிற்பாடு கணக்கிட்டாள், பாதிப் பொய்தான் என்றும் திருத்திக்கொண்டாள். கிளம்புமுன் வெர்லினின் பழைய இரும்புக் குவியலிலிருந்து ஒரு டிராக்டர் எடைக்கல்லை உருட்டிக் காரில் ஏற்றிக்கொண்டாள். அது காணாமல் போனதை அவன் கவனிக்கவே இல்லை.

ரோவீனாவுக்குக் கதவு மூடினால் போதும். இரண்டு பேருமாகச் சங்கிலியை அவிழ்த்து, வட்டை எடுத்துவிட்டு எடைக்கல்லைக் கோத்தார்கள். கதவு முன்பைவிட வேகமாக அடித்துக்கொண்டது, ஒரு ஆடு மிரண்டு ஓடியது. ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிடாமல் போகக் கூடாது என்று ரோவீனா விடவில்லை. அன்று சாயங்காலம் தங்கை வீட்டுப் புழக்கடையில் ஆர்லிஸ் அந்த வட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொரு ஓட்டையாகத் துருவைச் சுரண்டினாள். சங்கிலி உரசி உரசி ஒரு ஓட்டையில் மரை போயிருந்தது. மற்ற ஐந்தும் நன்றாக இருந்தன.

வீட்டுக்குப் போகாமல் நேராக மார்டெல் வீட்டுக்குப் போனாள். அன்று புதன்கிழமை.

மார்டெல் கதவைத் திறந்தாள். எழுபது மைல் காற்றடித்தாலும் கலையாத முடி அவளுக்கு. வட்டைப் பார்த்ததும் நிலவறைக்கு விளக்கைப் போட்டாள். கீழே ஹார்லனின் வேலை மேஜை, பிரஸ், எதிரும் புதிருமாக இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் பூப்போட்ட மெத்தை வைத்துக் கட்டியிருந்தது. எந்த நாற்காலி யாருக்கு என்று ஆர்லிஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை. மெத்தை ஒரு பக்கமாக அழுந்தியிருந்தது. வெர்லின் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்காருவான்.

ஆர்லிஸ் விரிசல் விட்ட தலையைக் கழற்றினாள், புதியதை மாட்டினாள், நடுத் திருகை முடுக்கினாள். சுழற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு வெட்டிலும் ‘டக்’ என்று வந்து உட்கார்ந்தது. நெம்புகோல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது.

“எனக்கு இது வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா ஆர்லிஸ்?” என்றாள் மார்டெல்.

ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப ஏன் அவன்கிட்டச் சொல்லல?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். முதல் வாரம் எங்கயோ போயிட்டு வந்து இங்க உக்காந்து ஒரு மணி நேரம் பேசினாரு. எந்த மேஜையில என்ன இருந்துச்சு, எவன் ஏமாத்தப் பாத்தான், எல்லாம். ஹார்லன் இதே மேஜையில முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்திருந்தாரு. என்ன பண்றீங்கன்னா ‘ஒண்ணுமில்ல’ம்பாரு. ரெண்டாவது வாரம் நான் கேக் செஞ்சேன். அப்புறம் வியாழக்கிழமைன்னா காலையிலேயே முழிப்பு வந்துரும்.” மார்டெல் மெத்தையின் முடிச்சைச் சரி செய்தாள். “உனக்கு இது தப்பாப் படுதா?”

“படுது,” என்றாள் ஆர்லிஸ்.

“எனக்கும் கொஞ்சம் பட்டுச்சு. இருந்தாலும் செஞ்சேன்.”

ஆர்லிஸ் வழியெல்லாம் பல வசனம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. வெர்லின் ஒரு மணி நேரம் பேசுவான் என்பதே அவளுக்குச் செய்தி. அந்தப் பேச்சில் ஒரு நிமிஷம்கூடத் தன் வீட்டு மேஜைக்கு வரவில்லையே என்று நினைத்தபோது, மார்டெல் மீது இருந்த கோபத்தைவிட அது பெரிதாக வலித்தது.

“இதைத் தூக்கிட்டுப் போயிடு,” என்றாள் மார்டெல். “நாளைக்கு அவர் வர்றதுக்குள்ள போயிடட்டும்.”

இரண்டு பேருமாக பிரஸை மேஜையிலிருந்து கழற்றினார்கள். கனம் தாளவில்லை. இரண்டு படிக்கு ஒருமுறை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். ஆறாவது படியில் மார்டெலின் செருப்பு கழன்று கீழே உருண்டது. இரும்பை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அந்த நடனம் எப்படி இருந்தது என்று ஆர்லிஸ் கேட்டாள். எந்த நடனம் என்றாள் மார்டெல். சொன்னதும் யோசித்துப் பார்த்து, அன்றைக்குத் தனக்குக் கடும் பல்வலி, அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது என்றாள். ஆர்லிஸ் அதை நம்பினாள், முழுக்க இல்லை.

வீட்டு வாசலில் காரின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு ஆர்லிஸ் வெர்லினைக் கூப்பிட்டாள். அவன் வந்து பார்த்தான். சுழல்தலையைத் தொட்டான், ஒரு சுற்றுச் சுற்றினான்.

“எங்க கிடைச்சுது?”

“ஒரு பட்டிக் கதவுல.”

எத்தனை பேரிடம் கேட்டாள், எப்படிக் கேட்டாள், யார் சொன்னார்கள் என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் முகம் சிறுத்துக்கொண்டே போனது. ஏழு மாதமாக அவன் மட்டுமே செய்துகொண்டிருந்த வேலை. அந்த முகம் அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

“என்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே,” என்றான்.

“பில்லிங்ஸுக்கு நீ என்னைக் கூப்பிட்டியா?”

அவன் குனிந்து ஓட்டைகளைப் பார்த்தான். “ஒண்ணுல மரை போயிருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

மறுநாள் வியாழக்கிழமை வெர்லின் புல்வெளியை இரண்டு தடவை வெட்டினான். பத்து மணிக்குச் சட்டை மாற்றவில்லை. ஒன்பது நாள் பிரஸ் பக்கமே போகவில்லை. பத்தாவது நாள் கொட்டகையில் அதை மேஜையோடு முடுக்கிப் பொருத்துகிற சத்தம் கேட்டது.

செப்டம்பரில் போன் வர ஆரம்பித்தது. ரோவீனா யாரிடமோ சொல்ல, அவர்கள் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். இந்த பிரஸுக்குப் பற்சக்கரம் வேண்டும், அதற்குச் சுருள்வில் வேண்டும், நெம்புகோல் முறிந்துவிட்டது என்று எங்கெங்கிருந்தோ ஆண்கள் பேசினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆர்லிஸ் போனும் நோட்டுமாக உட்கார்ந்துவிடுவாள். ஒருநாள் வெர்லின் எடுத்த போனில் ஐடஹோக்காரன் தர்லோ. இரண்டு பக்கக் கடிதம் எழுதிய வெர்லின் ஆவலாகப் பேச்சைத் தொடங்கினான். தர்லோ நலம் விசாரித்துவிட்டு, ஆர்லிஸ் இருக்காங்களா என்றான். அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். இடையில் இரண்டு தடவை சிரித்தாள். வெர்லின் அடுத்த அறையில் பத்திரிகையைப் பக்கம் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

“அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளா?” என்று சாப்பிடும்போது கேட்டான்.

“நான் கேக்கல,” என்றாள் ஆர்லிஸ். தர்லோவின் மனைவி இறந்து நாலு வருஷமாகிறது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. அந்தச் சின்னப் பொய் நாக்கில் இனித்ததை நினைத்து அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தாள்.

அன்றிலிருந்து பதினோரு வருஷம் ஆர்லிஸ் உதிரிச் சாமான் தேடிக் கொடுக்கும் இந்த வேலையைப் பார்த்தாள். ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. மார்டெல் இரண்டு குளிர்காலம் கழித்து வீட்டை விற்றுவிட்டு மகளோடு சூ ஃபால்ஸுக்குப் போனாள். சாமான் ஏற்ற வெர்லின் உதவிக்குப் போனான், ஆர்லிஸும் கூடப் போனாள், பெட்டிகளைவிட அவனைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்டெல் அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டையை முதலில் பிரிப்பது எப்போதும் ஆர்லிஸ்தான்.

தூரப் பயணங்களுக்கு வெர்லின் தானே வண்டி ஓட்டுகிறேன் என்று கிளம்பிவிடுவான். வழியில் பேசவும் செய்தான். எண்ணெய் மாற்றுவது, சாலை ஓரத்து விளைச்சல், கொரியாவில் பார்த்த ஒரு பாலம் என்று ஏதாவது. தொண்ணூறாம் வருஷம் இருவரும் ஐடஹோவில் தர்லோ வீட்டுக்குப் போனார்கள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், நீ காரிலேயே இரு என்றாள் ஆர்லிஸ். அவள் வாசற்படியை எட்டுமுன் அவனும் இறங்கி வந்து நின்றான்.

தர்லோ கதவைத் திறந்தான். நெடுநெடுவென்று இருந்தான், மீசையைச் சீவியிருந்தான். வெர்லினைத் தாண்டிப் பார்த்து, “ஆர்லிஸ் நீங்கதானே,” என்றான்.

“நான் வெர்லின்,” என்று வெர்லின் கையை நீட்டினான். “இவ புருஷன்.”

தர்லோ காபி போட்டு வைத்திருந்தான். மேஜையின் ஒரு பக்கமாக மூன்று நாற்காலிகள். வெர்லின் நடு நாற்காலியில் முதலில் போய் உட்கார்ந்துகொண்டான்.